வேட்டு இல்லாத வருஷம்

எனக்குச் சக்களத்தி ஒருத்தி உண்டு. நாலேகால் அடி உயரம், இரும்பும் மரமுமான உடம்பு, வயது நூற்றெழுபதைத் தாண்டியிருக்கும். எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினோரு மாதத்தில் என் கணவர் அவளைப் பழைய வேட்டியில் சுற்றி, தோளில் சாய்த்துக்கொண்டு காங்கேயம் பஸ்ஸில் வந்து இறங்கினார். வாசலில் நின்றபோது அவர் முகத்தில் இருந்த வெட்கத்தை எங்கள் கல்யாண ஆல்பத்தில்கூட நான் பார்த்ததில்லை.

கணவர் பெயர் தருமலிங்கம். பீளமேட்டில் பம்புக்கு உதிரிபாகம் கடையும் லேத் பட்டறை வைத்திருந்தவர். வயது எழுபத்து மூன்று. பழைய துப்பாக்கி சேர்ப்பது அவருடைய பைத்தியம். மற்ற ஆண்களின் பைத்தியங்களை அக்கம்பக்கத்தில் பார்த்த பிறகு, இது தேவலாம் என்று நான் சும்மா இருந்துவிட்டேன். என் பெயர் வசந்தாமணி. கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். அதனால் இந்தக் கதையில் வருகிற எண்களை நீங்கள் நம்பலாம்.

அந்தக் காலத்தில் பழந்துப்பாக்கி வாங்குவதும் பெண் பார்க்கப் போவதும் ஒன்று. எந்த வீட்டு அட்டாலியில், அதாவது பரணில், எது கிடக்கிறது என்று மாட்டு டாக்டருக்கும் பஸ் கண்டக்டருக்கும்தான் தெரியும். அவர்கள் காதில் போட்ட சேதியை வைத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போக வேண்டும். போனதும் கேட்டுவிடக் கூடாது. முதல் தடவை மழையைப் பற்றிப் பேச்சு. இரண்டாம் தடவை மாட்டைப் பற்றி. மூன்றாம் தடவை போய், காபி குடித்து, டம்ளரைக் கீழே வைத்த பிறகுதான் துப்பாக்கி என்ற சொல் வாயிலிருந்து வரலாம். அதற்கு முன் வந்தால், அப்படி ஒரு சாமானே எங்கள் வீட்டில் கிடையாது என்று சொல்லிவிடுவார்கள். சேகரிப்பவர்களிடையே இது எழுதாத சட்டம். என் கணவர் மாமனார் வீட்டுச் சீரைக்கூட மறப்பார், இதை மறக்க மாட்டார்.

கொளத்தவலசு என்ற ஊரில் நாச்சிமுத்து ஐயா வீட்டுக்கு அப்படித்தான் மூன்று தடவை போனார். அங்கே இருந்தது ஒரு கேப்புத் துப்பாக்கி. குழல் வாய் வழியாகக் கரிமருந்தைக் கொட்டி, நீளக் கோலால் இடித்து, பின்பக்கம் தொப்பி மாதிரி ஒரு சின்னச் செப்புக் கேப்பு மாட்டி வெடிப்பது. தாது வருஷப் பஞ்சத்தில் ஊர்த் தானியத்தைச் சூறையாட வந்த கூட்டத்தின் தலைவனை அந்த வீட்டு மூதாதை பழனிமுத்து இதே துப்பாக்கியால் சுட்டு வீழ்த்தினார் என்பது ஊரின் பெருமை. ஆயுத பூஜையன்று அதற்கு மாலை போட்டு, வீட்டுப் பெண் மருந்து இடிக்க, வானத்தைப் பார்த்துக் குண்டில்லாமல் ஒரே ஒரு வேட்டுப் போடுவார்கள்.

உரிமத்தைப் புதுப்பிக்க அலைந்து அலைந்து நாச்சிமுத்து ஐயாவுக்குச் சலித்துவிட்டது. ஒப்படைத்தால் உருக்கிவிடுவார்கள். உரிமம் வைத்திருந்த என் கணவரிடம் கொடுத்தார். விற்கவில்லை, கொடுத்தார்.

"பொண்ணக் கட்டிக் குடுக்கறனுங்க. வருசம் ஒரு நாளு, ஆயுத பூசைக்குப் பொறந்த ஊட்டுக்குக் கூட்டியாந்துரோணும்" என்றார்.

அது 1999. அந்த வருஷத்திலிருந்து ஆயுத பூஜை என்றால் எங்களுக்குக் கொளத்தவலசுதான். மருந்து இடிப்பது ஐயாவின் மகள் தெய்வாத்தாள். அப்போது அவளுக்குப் பதினாறு வயது. என் கணவரை அண்ணா என்பாள், என்னை நங்கையா என்பாள். அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம். அவரோடு கூடப் பிறக்காத ஒரு நாத்தனார் எனக்குக் கிடைத்தாள். ஐயா போன பிறகும் அவள்தான் இடித்தாள். கொரோனா வந்த 2020இல் மட்டும் போக முடியவில்லை. அந்த வருஷம் வேட்டு இல்லை. இங்கே நாங்கள் துப்பாக்கிக்கு மாலை போட்டு வீடியோவில் காட்டினோம். அங்கே தெய்வா செல்போனுக்குச் சூடம் காட்டினாள்.

இதற்கிடையில் இணையம் வந்தது. காந்திபுரத்து பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்கில் உட்கார்ந்துவிட்டு வீட்டுக்கு வந்து, அம்மிணி, உலகத்தில் நான் மட்டும் பைத்தியம் இல்லை என்று அவர் சொன்னபோது குரலில் அத்தனை நிம்மதி. ஆஸ்திரேலியாவில் ஒரு பல் டாக்டர், போலந்தில் ஒரு ரயில் டிரைவர், எல்லோரும் ஒரே குழுவில். துருவுக்கு எந்த எண்ணெய் என்று கேட்டால் மறுநாளைக்குள் ஏழு பதில் வரும். ரயில் டிரைவரின் மனைவி இறந்த சேதி வந்த அன்று, இவர் இங்கே தலைக்குக் குளித்துவிட்டுத்தான் சாப்பிட்டார். பார்த்தே இராத மனிதருக்காக அவர் அப்படிச் செய்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு அவர்மேல் பாசம் பொங்கும்.

வாங்குகிற முறையும் மாறியது. மூன்று தடவை போக வேண்டியதில்லை. படத்தைப் பார்த்து விலையைத் தட்டினால் பார்சல் வீட்டுக்கு வந்துவிடும். யார் வீட்டு அட்டாலி, யார் எண்ணெய் போட்டுத் துடைத்தார்கள் என்பதெல்லாம் அந்தப் பார்சலில் வராது. எங்கள் வீட்டுக்கும் 2004இல் வெளிநாட்டிலிருந்து நீளமாக ஒன்று வந்தது. மேலே 'விளக்குத் தண்டு, அலங்காரப் பொருள்' என்று எழுதியிருந்தது. நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். விளக்கு எங்கே என்று கேட்டதற்கு, உடைந்து வந்தது, திருப்பி அனுப்பிவிட்டேன் என்றார். நல்ல விளக்கு போச்சே என்று எனக்கு நாலு நாள் வருத்தம்.

ரேகை பார்க்கும் மெஷின் வந்தது 2036இல். மெல்லிய கம்பியின் நுனியில் ஒரு கண்ணை வைத்துக் குழலுக்குள் விடுவார்கள். ஒரு மணி நேரத்தில் அந்தத் துப்பாக்கியின் ஜாதகமே வந்துவிடும். எப்படி என்று கேட்டேன். அடுப்படியைச் சுட்டிக் காட்டினார்.

"உன்ற தோசக்கல்லாட்டந்தான் அம்மிணி. ஒவ்வொருக்கா எண்ண தேய்க்கறப்பவும் ஒரு படலம் ஏறுதில்ல? குழலுக்குள்ள ஒவ்வொரு வெடிக்கும் மருந்து உப்பு ஒரு படலம் ஏறும். எத்தன வெடி, எந்த வருசம், ஈரக் காத்தா வெயிலா, அத்தனையும் எண்ணிப்போடுது."

"தொடச்சாப் போயிராதுங்களா?"

"மேல இருக்கறது போகும். இரும்பு துளைக்குள்ள எறங்குனது போகாது. குண்டு போனா இன்னுஞ் சுளுவு. குழல ஒரசிட்டுத்தான போகோணும்? ஒலகத்துல தோண்டியெடுத்த குண்டு, எலும்புல சிக்குன குண்டு, எல்லாத்தோட கோட்டையும் இணையத்துல ஏத்தி வெச்சிருக்காங்க. ரெண்டையும் சேத்துப் பாத்து, இது இன்னாரச் சுட்டதுன்னு சொல்லிப்போடும்."

முதலில் குழுவில் எல்லோரும் குழந்தைகளாகக் குதித்தார்கள். ஒரே வருஷத்தில் பேச்சு மாறியது. எண்ணெய், துரு, மரத்தின் வேலைப்பாடு எல்லாம் போய், 'எத்தனை?' என்ற ஒரே கேள்வி. ஆளைக் கொன்ற குழலுக்கு ரத்தரேகை என்று பெயர், விலையும் பத்து மடங்கு. யாரையும் கொல்லாததை மலட்டுக் குழல் என்றார்கள். இதில் இன்னொரு கூத்து, இறந்தவரின் வாரிசுகளையும் இணையமே தேடிப் பிடித்துத் தகவல் சொல்லிவிடும். சேலத்தில் ஒரு வக்கீல் வீட்டுக் கல்யாணத்தன்று, மாப்பிள்ளையின் கொள்ளுப்பாட்டனைக் கொன்றது பெண் வீட்டுக் கூடத்தில் தொங்கும் துப்பாக்கிதான் என்று மண்டபத்திலேயே சேதி வந்தது. தாலி கட்டினார்கள். பந்தியில் பாதி இலை காலி.

என் கணவர் ரேகை பார்க்கவே இல்லை. பாவம் நல்ல மனுஷன், ரத்தக் கணக்கு பிடிக்கவில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன்.

2042 ஆவணியில் சட்டம் வந்தது. ரேகைச் சான்று இல்லாத பழந்துப்பாக்கிகளைப் பங்குனி முடிவதற்குள் ஒப்படைக்க வேண்டும், அவை வெட்டப்படும். அந்த வருஷ ஆயுத பூஜையில் தெய்வா இதைப் பற்றித்தான் பேசினாள். அவளுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். பாட்டனார் சுட்டதை மெஷினே சொல்லிவிட்டால் ஊர் முகப்பில் கல் வைப்பதாக முடிவாம். கல்லுக்கு முன்பணம்கூடக் கொடுத்தாகிவிட்டது. என் கணவர் அன்றைக்குச் சாப்பாட்டில் பாதியை இலையிலேயே மூடிவிட்டார்.

மாசி வரைக்கும் இழுத்தார். ஒரு நாள் மத்தியானம் நான் துணி மடித்துக்கொண்டிருந்தபோது, அட்டாலியிலிருந்து நீளமான மூட்டை ஒன்றை இறக்கி என் முன்னால் வைத்தார். உள்ளே ஒரு குழல்.

"அன்னிக்கு வந்தது வெளக்குத் தண்டு இல்ல அம்மிணி" என்றார்.

விஷயம் இதுதான். 2003 பூஜை முடிந்து துடைக்கும்போது, குழலின் பின்பக்கத்தில் மயிரிழை அளவுக்கு ஒரு விரிசலைப் பார்த்திருக்கிறார். அடுத்த வேட்டிலோ அதற்கடுத்த வேட்டிலோ பிளந்துவிடும். இடிப்பது தெய்வா. சுற்றி நிற்பது ஊர்க் குழந்தைகள். அதே அச்சில் வந்த வேறொரு குழலை இணையத்தில் நாலு மாதம் தேடி ஏலத்தில் எடுத்து, பட்டறையில் கடைந்து பொருத்திவிட்டார். பழைய குழலை எண்ணெய்த் துணியில் சுற்றி மறைத்துவிட்டார்.

சொல்லியிருக்கலாமே என்றேன்.

"பாட்டனாரு குழல்ல விரிசல்னு எந்த வாயில சொல்றது? அவிய கையில நூறு வருசத்துக்கு மேல நல்லா இருந்துச்சு. என்றகிட்ட வந்து நாலே வருசம். நாந்தான் கெடுத்துப்போட்டேன்னு ஐயா நெனச்சிருந்தா?"

எனக்குக் கோபம் வந்தது. முதலில் விளக்குக்காக வந்தது, வெட்கமில்லாமல் சொல்கிறேன். பிறகுதான் மற்றதெல்லாம் உறைத்தது. முப்பத்தொன்பது வருஷமாக இதை மறைத்துக்கொண்டு அந்த வீட்டில் கை நனைத்திருக்கிறோம். தெய்வா பொய்யான குழலுக்குச் சூடம் காட்டியிருக்கிறாள். பழையதையே மாட்டி ரேகை பார்த்தால் என்ன என்று கேட்டேன். 2003க்குப் பிறகு வெடியே இல்லை என்று வரும், வருஷா வருஷம் இடித்தவளுக்குத் தெரியாதா என்றார். புதியதைக் காட்டினால் அது எங்கிருந்தோ வந்தது என்று வரும். இரண்டும் வேண்டாம் என்றால் வெட்டிவிடுவார்கள்.

"மெசினு சொல்றதுக்கு முன்னால நீங்க போய்ச் சொல்லீருங்க" என்றேன். "வேற வழி இல்லீங்க."

போனோம். அன்றைக்கு அவர் மழையைப் பற்றிப் பேசிவிட்டு வந்தார். அடுத்த வாரம் மறுபடி போனோம். தெய்வாவின் மாட்டுக்குக் குளம்பில் புண், அதைப் பற்றி ஒன்றரை மணி நேரம் பேசினார். திரும்பும்போது நான் காரில் அவரோடு பேசவில்லை. சட்டம்னு ஒண்ணு இருக்கில்ல என்று முணுமுணுத்தார். கோழைத்தனத்துக்கு எழுதாத சட்டத்தைத் துணைக்கு அழைத்த ஒரே மனிதர் என் கணவராகத்தான் இருப்பார்.

மூன்றாம் தடவை, பங்குனி முதல் வாரம். களத்து வேம்படியில் கட்டிலில் உட்கார்ந்து தெய்வா நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். காபி வந்தது. குடித்தார். டம்ளரைக் கீழே வைத்தார். மூட்டையைப் பிரித்துப் பழைய குழலை அவள் மடியில் வைத்து, விரிசல், ஏலம், விளக்குத் தண்டு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினார்.

தெய்வா குழலைத் தடவிப் பார்த்தாள். விரல் விரிசலில் நின்றது. இந்த வீட்டுக் காபி இனி நமக்கு இல்லை என்றே நான் நினைத்தேன்.

"மருந்து இடிச்சா கோல் எத்தன வெரல் வெளிய நிக்கோணுமுங்கண்ணா?" என்று கேட்டாள்.

அவருக்குப் புரியவில்லை.

"நாலு வெரல். பதனாறு வயசுலிருந்து இடிக்கறனுங்க, எனக்குத் தெரியாதுங்களா? அந்த வருசம் ரெண்டு வெரல்தான் நின்னுது. அய்யன்கிட்டச் சொன்னேன். மாத்தியிருக்கான், காரணமில்லாம மாத்த மாட்டான், அவனாச் சொல்ற வரைக்கும் கேக்காதேன்னு சொல்லிப்போட்டாரு. மூணாந்தடவதான் பேசுவான், அது அவன் சாதகம்னாரு." அவள் குழலை மறுபடி துணியில் சுற்றினாள். "நாப்பது தடவ வந்துட்டீங்கண்ணா. நானும் ஒவ்வொருக்காவும் அந்த டம்ளரையே பாத்துட்டிருந்தேன்."

நான் மனதுக்குள் கூட்டிப் பார்த்தேன். பூஜைக்கு முப்பத்தெட்டு, மழைக்கு ஒன்று, மாட்டுக்கு ஒன்று. சரியாக நாற்பது.

என் கணவர் அழுதார். சின்னப் பிள்ளையாக மூக்கைச் சிந்தி அழுதார். பிறகு காரில் வரும்போது அவரை வாட்டியது வேறு. வெளி அளவை நூல் பிசகாமல் கடைந்தவர் உள் ஆழத்தை அளக்க மறந்திருக்கிறார். லேத்காரனுக்கு ரெண்டு விரல் தப்பு வரலாமா, ரெண்டு விரல் என்று காங்கேயத்திலிருந்து பல்லடம் வரை புலம்பினார்.

அந்த வாரமே மூவருமாகக் கோவையில் ரேகை நிலையத்துக்குப் போனோம். ரத்தப் பரிசோதனைக்கு உட்காருகிற மாதிரி நாற்காலிகள், டோக்கன். முதலில் பழைய குழல். கம்பியை விட்டு எடுத்த பெண் திரையைப் பார்த்துச் சொன்னாள். இருநூற்றுப் பதினொரு வெடி, எல்லாம் வெறும் மருந்து. குண்டு போன தடமே இல்லை.

"ஒண்ணுகூட இல்லீங்களா? நல்லாப் பாத்தீங்களா?" என்றாள் தெய்வா.

அந்தப் பெண் இரண்டாம் முறையும் பார்த்தாள். இல்லை. தெய்வா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு நிமிசம் எனக்கு வெசனமாப் போச்சுங்க நங்கையா. எங்க பாட்டனாரு யாரையுங் கொல்லலைன்னு வெசனப்பட்டம் பாருங்க, நாமெல்லாம் என்ன மனுசங்க."

வெறும் சத்தத்திலேயே அத்தனை பேரையும் ஓட வைத்திருக்கிறார், அதுதான் பெரிய வீரம் என்று என் கணவர் ஆறுதல் சொன்னார். அவள் சிரித்தாள்.

பிறகு புதிய குழல். இதற்கு நேரம் பிடித்தது. பறவைக்குப் போட்ட ரவை நிறைய. பெரிய குண்டு ஒன்றே ஒன்று, 1870களில். அந்தக் குண்டு கிடைத்திருந்தது. கடல் தாண்டி ஒரு தீவில், பழைய கரும்புத் தோட்டத்தின் வேலியோரம் சாலைக்குத் தோண்டும்போது வந்த எலும்புக்கூட்டின் முதுகுப் பக்க விலாவில் இருந்தது. மரபணு நம் பக்கத்துடையது. கப்பலேறிப் போன கூலியாள். தோட்டப் பதிவேட்டில் 4117 என்ற எண்ணும், 'ஓடிப்போனான்' என்ற குறிப்பும் மட்டும். பெயர் இல்லை. முதுகில் சுட்டிருக்கிறார்கள்.

அதற்கு மேலே நூறு வருஷத்துக்கும் அதிகமாக ஒன்றும் இல்லை. அதன் பிறகு மெல்லிசாக முப்பத்தெட்டுப் படலங்கள்.

"இது வித்தியாசமா இருக்குதுங்க. வருசத்துக்கு ஒண்ணே ஒண்ணு, ஒரே சீசன், குண்டு இல்ல. நடுவால 2020 மட்டும் இல்ல" என்றாள் அந்தப் பெண்.

"கொரோனா" என்றேன்.

சான்று பதிவாகிவிட்டது, இனி யாரும் வெட்ட முடியாது என்றாள். வெளியே வந்து டீ வாங்குவதற்குள் என் கணவரின் செல்போன் துடிக்க ஆரம்பித்தது. ரத்தரேகை. அதிலும் பெயரில்லாத கூலியாள், அபூர்வம். விலை கேட்டு நாற்பத்தொரு பேர். குழுவில் முதல் வாழ்த்து ஆஸ்திரேலியப் பல் டாக்டருடையது. நாற்பது வருஷச் சிநேகிதர். 'கடைசியில் உனக்கும் ஒன்று கிடைத்ததே!' என்று எழுதியிருந்தார். என் கணவர் அதை இரண்டு தடவை படித்தார். 'விற்பனைக்கு இல்லை. கட்டிக் கொடுத்த பெண்' என்று பதில் போட்டுவிட்டுச் செல்போனை அணைத்தார்.

வீட்டில் அவர் துப்பாக்கியைத் தொடவே இல்லை. அந்த மனுஷனை முதுகில் சுட்ட குழலில் முப்பத்தெட்டு வருஷம் வேட்டுப் போட்டுக் கைதட்டியிருக்கிறோம், அதை அந்த வீட்டுக்குள் கொண்டுபோனது நான்தான் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நான் என்ன ஆறுதல் சொல்வது? எனக்கும் அதே நினைப்புதான்.

ஐந்தாம் நாள் அந்தச் சேதி வந்தது. தீவிலிருந்து, ரோசலின் மூத்து என்ற பெண். ஆஸ்பத்திரி நர்ஸ். தீவின் பெயரை எழுத வேண்டாம் என்று பின்னால் அவளே கேட்டுக்கொண்டாள். தமிழ் தெரியாது, மெஷின் மொழிபெயர்த்திருந்தது. 'உங்களிடம் உள்ள பொருள் என் முன்னோர் ஒருவரைக் கொன்றதாக அறிகிறேன். அதை வைத்து நீங்கள் என்ன செய்கிறீர்கள்?'

இப்படி வருகிற சேதிகளுக்குப் பதில் போடாதே, வழக்கில் மாட்டுவாய் என்பது குழுவின் புதுச் சட்டம். என் கணவர் உடனே உட்கார்ந்தார். மழை இல்லை, மாடு இல்லை. வாழ்க்கையில் முதல் முறையாக முதல் தடவையே டம்ளரைக் கீழே வைத்தார். பழனிமுத்து, விரிசல், விளக்குத் தண்டு, தெய்வாவின் இரண்டு விரல், வருஷம் ஒரு வேட்டு, மூன்று தடவை போகிற வழக்கம், தன் கோழைத்தனம் எல்லாவற்றையும் நாலு பக்கம் எழுதினார். 'இதை வெட்டச் சொன்னால் என் லேத்திலேயே வெட்டிவிடுகிறேன்' என்று முடித்தார். முடித்துவிட்டு என்னைப் பார்த்தார். என் சக்களத்தியின் தலையை அவரே எடுக்கத் துணிந்த நாள் அது. அனுப்புங்கள் என்றேன்.

ஒன்பது நாள் பதில் இல்லை. பிறகு இரண்டே வரி வந்தது. 'இங்கே மழை பெய்கிறது. கரும்பு நன்றாக இருக்கிறது.'

என் கணவர் குழம்பினார். மெஷின் தப்பாக மொழிபெயர்த்திருக்கும் என்றார். அடுத்த வாரம் இன்னொன்று வந்தது. 'என்னிடம் மாடு இல்லை. இரண்டு ஆடுகள் இருக்கின்றன. ஒன்று சினையாக இருக்கிறது.'

அதைப் படித்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அவரிடம் சொல்லவில்லை. நாற்பது வருஷம் மறைத்தவர் ஒரு வாரம் தவிக்கட்டுமே என்று விட்டுவிட்டேன்.

மூன்றாவது சேதி வந்தது. 'இப்போது கேட்கிறேன். ஆயுத பூஜைக்கு நான் வரலாமா?'

வந்தாள். நாற்பது வயதிருக்கும், கட்டையான உருவம், கொளத்தவலசுச் சந்தையில் விட்டால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், அப்படி நம் முகம். தெய்வா அவளை வாசலில் நிற்க வைத்துத் திருஷ்டி சுற்றினாள். தனியாக ஒரு இலை போட்டு, பெயர் தெரியாதவருக்குப் படைத்தாள். கல் வேலையை நிறுத்திவிட்டதாகவும், பெயர் கிடைத்தால் பாட்டனாரோடு அவரையும் சேர்த்தே பொறிப்பதாகவும் சொன்னாள்.

பூஜை முடிந்தது. ஊரே கூடி நின்றது. தெய்வா இடிகோலை எடுத்து ரோசலின் கையில் கொடுத்தாள்.

"பொறந்த ஊட்டுப் பொண்ணுதான் இடிக்கோணும். இந்தக் குழலுக்கு நீங்கதானுங்க. போடலாமா வேண்டாமா, நீங்க சொல்லுங்க."

காதில் இருந்த மெஷின் சொன்னதை ரோசலின் முழுவதும் கேட்டாள். கோலை வெறும் குழலுக்குள் மெதுவாக இறக்கினாள். மருந்து இல்லாததால் ஒரே ஒரு விரல் வெளியே நின்றது. அதன்மேல் கையை வைத்து வெகுநேரம் நின்றாள். குழந்தைகள்கூடக் காதைப் பொத்திய கையை எடுக்கவில்லை. பிறகு தலையை ஆட்டினாள். இந்த வருஷம் வேண்டாம், அடுத்த வருஷத்திலிருந்து போடுங்கள், ஓடிப்போனவர் காதில் பண்டிகைச் சத்தமும் விழட்டும் என்றாள்.

அடுத்த வருஷம் போட்டோம். இனியும் போடுவார்கள். பின்னாளில் யாராவது இந்தக் குழலை ரேகை பார்க்கும்போது, 2020 இல்லாததைக் கண்டு கொரோனா என்று குறித்துக்கொள்வார்கள். 2043 இல்லாததையும் காண்பார்கள். அந்த வருஷம் என்ன நோய் வந்தது என்று இணையம் முழுக்கத் தேடுவார்கள். ஒன்றும் கிடைக்காது. அதற்காகத்தான் இதை எழுதி வைக்கிறேன். அந்த வருஷம் நோய் ஒன்றும் இல்லை. ரோசலின் கோலைத் தெய்வாவிடம் திருப்பிக் கொடுத்தாள். என் கணவர் அவளுக்கு மணைக்கட்டையை எடுத்துப் போட்டார். அவள் எங்களோடு பந்தியில் உட்கார்ந்து, ரசத்துக்கு இரண்டாம் தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாள்.